எம்ஜிபி காரில் ரோவர் வி8 எஞ்சின்: எங்கே முட்டும், எப்படி இடம் உண்டாக்குவது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பழைய காருக்குள் வேறு எஞ்சினை வைப்பவர்களுக்கு வரும் தலைவலிகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: இடம் போதுமா? பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது. அதனால் நான் நன்றாகப் பழகிய ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன்: இங்கிலாந்தின் எம்ஜிபி, அதற்குள் ரோவர் நிறுவனத்தின் அலுமினிய வி8 (V வடிவில் அமைந்த எட்டு சிலிண்டர் எஞ்சின்). வேறு வண்டியில் வேலை செய்பவர்களும் அளக்கும் முறையை இதிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இணையை ஏன் எடுத்துக்கொண்டீர்கள்?

ஒரே இடப்பிரச்சினையை மூன்று கைகள் மூன்று விதமாகத் தீர்த்திருக்கின்றன என்பதால்தான். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் ஆலையில் உருவான வண்டி. பிறவியிலேயே அதற்கு 1798 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சின். ரோவர் வி8-இன் பூர்வீகம் அமெரிக்கா. 1961இல் பியூக் நிறுவனம் கொண்டுவந்த அந்த அலுமினிய எஞ்சினின் உரிமையை 1965இல் ரோவர் வாங்கியது. 3528 சி.சி. இருந்தும், எம்ஜிபியின் வார்ப்பிரும்பு எஞ்சினைவிட எடை கூடுதல் என்று சொல்ல முடியாது. ஆகவே முன் சக்கரங்களுக்குப் பாரம் ஏறிவிடுமோ என்ற கவலை இல்லை. நீளமும் தொல்லை தராது. தொல்லை எல்லாம் அகலத்திலும் உயரத்திலும்தான்.

1970 வாக்கில் கென் காஸ்டெல்லோ என்பவர் இந்த மாற்றத்தைச் செய்து வண்டிகளை விற்கத் தொடங்கினார். கார்புரேட்டர்கள் பானெட்டில் இடித்ததால் பானெட்டின்மேல் ஒரு புடைப்பு வைத்தார். 1973இல் தொழிற்சாலையே எம்ஜிபி ஜிடி வி8-ஐக் கொண்டுவந்தது. 1976 வரை 2,591 வண்டிகள் உருவாயின. அவர்கள் பானெட்டைத் தொடவில்லை. தனி மேனிஃபோல்டு (கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கிளைக்குழாய்) செய்து கார்புரேட்டர்களை எஞ்சினின் பின்பக்கம், முன் தடுப்புச் சுவரை ஒட்டித் தள்ளிவிட்டார்கள். பிறகு 1990களில் வந்த எம்ஜி ஆர்வி8-இல் எக்ஸாஸ்ட் குழாய்களை உள் மட்கார்டுகளில் துளையிட்டு வெளியே எடுத்தார்கள். புடைப்பு, இடமாற்றம், துளை: இன்றைக்கும் நம் கையில் இருப்பவை இந்த மூன்று வழிகள்தான்.

எந்த ஆண்டு வண்டியில் வேலை குறைவு?

1974 இறுதிக்குப் பின் வந்த ரப்பர் பம்பர் வண்டிகளில். வி8-க்காக மாற்றிய எஞ்சின் அறையைத் தொழிற்சாலை அப்போதே நான்கு சிலிண்டர் வண்டிகளுக்கும் பொதுவாக்கிவிட்டது. எஞ்சின் மவுண்டுகளும் (எஞ்சினைத் தாங்கும் பிடிகள்) பக்கவாட்டுச் சட்டங்களுக்கு வந்துவிட்டன. பழைய குரோம் பம்பர் வண்டிகளில் மவுண்டுகள் முன் கிராஸ் மெம்பர் என்ற குறுக்குச் சட்டத்தின்மேல் இருக்கும். அவற்றை எடுத்துவிட்டு, சட்டத்தில் புதிய பிடிகளை வெல்டிங் செய்ய வேண்டும். உள் மட்கார்டிலும் வேலை உண்டு. 1967க்கு முந்தையது என்றால் கியர்பாக்ஸ் டனலும் (தரையின் நடுவே அது உட்காரும் வளைவு) குறுகல். அழகைப் பார்த்து அந்த வண்டியை வாங்குகிறீர்கள் என்றால் வாங்குங்கள். ஆனால் வேலை இரட்டிப்பு என்பதை மனத்தில் வையுங்கள்.

எஞ்சினை இறக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

முழு எஞ்சினை வைத்து அளவு பார்க்காதீர்கள். தேய்ந்துபோன வெற்று பிளாக் ஒன்றும் இரண்டு ஹெட்டுகளும் பழைய பொருள் கடையில் கிடைக்கும். அவற்றோடு நீங்கள் போடப்போகும் அதே கியர்பாக்ஸ் கூட்டையும் மாட்டுங்கள். அலுமினியம் என்பதால் இரண்டு பேர் சமாளிக்கலாம். இருபது தடவை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். அதற்கு இந்த எடைதான் சரி.

அடுத்து, எது நகராது என்பதை முடிவு செய்யுங்கள். கிராஸ் மெம்பரும் அதன்மேல் அமர்ந்திருக்கும் ஸ்டியரிங் ராக்கும் (சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டு) நகராது. பின் ஆக்சிலின் நடுக்கோடு நகராது. பானெட்டைக் கெடுக்க விரும்பாதவருக்குப் பானெட்டின் கோடும் நகராது. ரேடியேட்டர், ஆயில் ஃபில்டர், ஆல்டர்னேட்டர், ஹீட்டர் குழாய், பேட்டரி எல்லாம் நகரும். எஞ்சினை முதலில் நகராதவற்றுக்கு நடுவே நிறுத்துங்கள். நகர்பவற்றோடு பிறகு பேசிக்கொள்ளலாம்.

மவுண்டுகளைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். மவுண்டை முதலில் வெல்டிங் செய்துவிட்டுப் பிறகு எதையெல்லாம் வெட்டலாம் என்று தேடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வண்டியைச் சக்கரங்கள்மேல் நிறுத்தி, எஞ்சினை மரக்கட்டைகளால் முட்டுக்கொடுத்து, ரசமட்டம் வைத்து, கியர்பாக்ஸ் பின்முனையின் கோணத்தையும் பின் ஆக்சில் பினியனின் (சுழற்சி உள்ளே நுழையும் பல்சக்கரம்) கோணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அந்த இரண்டு அச்சுகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இடம் கிடைக்கிறதே என்று எஞ்சினின் மூக்கைத் தூக்கியோ தாழ்த்தியோ வைத்தால் இந்த இணை குலைந்து, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் வேகத்தில் அதிரத் தொடங்கும். அந்த அதிர்வைப் பின்னால் சரிசெய்வது பெரும்பாடு.

எவ்வளவு இடைவெளி இருந்தால் போதும்?

எஞ்சின் நிற்கும்போது எவ்வளவு இடைவெளி என்று அளப்பதில் பொருளில்லை. எஞ்சின் ரப்பரின்மேல் உட்கார்ந்திருக்கிறது, அது உருளும். எஞ்சினின் முறுக்குவிசை ஏறும்போது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதுதான் கணக்கு.

நான் முதலில் செய்த வண்டியில் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் ஸ்டியரிங் ஜாயின்டுக்கும் இடையே 9 மி.மீ. இருந்தது. சுண்டுவிரல் நுனி நுழைந்தது. அதுவே போதும் என்று மனநிறைவோடு வண்டியை வெளியே எடுத்தேன். ஒரு மேட்டில், இரண்டாம் கியரில் முடுக்கியபோது ஸ்டியரிங் சக்கரத்தின் வழியாக ஒரு சிறு தட்டல் உள்ளங்கைக்கு வந்தது, ஓசைகூட இல்லை. ஓரம்கட்டி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஜாயின்டின் கவையில் அரிசி அளவுக்கு ஒரு பளபளப்பான கீறல். எதிரே குழாயில் அதே அளவு கருப்புத் தேய்வு. ஸ்டியரிங்கில் உரசல் என்பது உயிர் சம்பந்தப்பட்டது. வண்டியை அங்கேயே நிறுத்தி, ஏற்றிச் செல்லும் வாகனத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அது ஏன் நடந்தது என்பதைப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால், முடுக்கும்போது இந்த எஞ்சின் வலப்பக்கம் சாயும்: இடப்பக்கம் எழும், வலப்பக்கம் அமுங்கும். இங்கிலாந்து வண்டியில் ஸ்டியரிங் ஷாஃப்ட் வலப்பக்கம்தான் இருக்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உடலாக இணைந்திருப்பதால், மவுண்டுகளைத் திருகுவது எஞ்சினின் முறுக்கு மட்டுமில்லை, கியரில் பெருகிப் புரொப்பல்லர் ஷாஃப்டுக்குப் போகும் முறுக்கு. தொழிற்சாலை வி8-இன் உச்ச முறுக்கு சுமார் 260 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் அது ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. ரிவர்ஸில் திசை மாறி இடப்பக்கம் அமுங்கும். ஆக, இரண்டு பக்கமும் சோதிக்க வேண்டும்.

இன்று நான் வைத்துக்கொள்ளும் அளவு இது: உடலோடு சேர்ந்த பாகத்துக்கும் எஞ்சினோடு சேர்ந்த பாகத்துக்கும் இடையே 20 மி.மீ., ஸ்டியரிங் அருகே 25 மி.மீ. மவுண்டுக்கு மிக அருகில், அசைவு குறைவான இடத்தில் மட்டும் 12 மி.மீ. வரை ஒப்புக்கொள்வேன். எஞ்சினோடு சேர்ந்தே அசையும் இரண்டு பாகங்களுக்கு நடுவே 5 மி.மீ. இருந்தாலும் கவலையில்லை.

உருளும் அளவை எப்படிச் சோதிப்பது?

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, மரக்கட்டையைத் தாங்கலாக வைத்து, கடப்பாரையால் ஒரு பக்க மவுண்டுக்கு அருகே நெம்புங்கள். எவ்வளவு எழுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு மறுபக்கம். அடுத்து, சந்தேகமான ஒவ்வோர் இடத்திலும் வெள்ளைப் பெயின்ட்டை மெல்லிதாகத் தடவி, காய்ந்ததும் வண்டியை ஆளில்லாத இடத்தில் முதல் கியரிலும் ரிவர்ஸிலும் சற்றே அழுத்தி ஓட்டிப் பாருங்கள். பெயின்ட் பெயர்ந்த இடம் உரசிய இடம். ஒருவரை வண்டியின் முன்னால் நிறுத்தி, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்சை விடும் பழக்கம் சில பணிமனைகளில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கால் ஒருமுறை வழுக்கினால் போதும்.

பானெட் மூடவில்லை, அல்லது மூடுகிறது, ஆனால் இடிக்கிறதோ என்று சந்தேகம்.

களிமண்ணைக் கேளுங்கள், சொல்லிவிடும். குழந்தைகள் விளையாடும் மாக்களிமண்ணை எலுமிச்சை அளவு உருண்டைகளாக்கி, கார்புரேட்டரின்மேலும் காற்று வடிகட்டியின் மூலைகளிலும் வையுங்கள். பானெட்டின் உட்புறத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவினால் ஒட்டாது. வழக்கமாக எப்படிச் சாத்துவீர்களோ அப்படியே சாத்துங்கள். மெதுவாக இறக்கினால் அளவு பொய்யாகும், ஏனெனில் சாத்தும் வேகத்தில் பானெட் ரப்பர்களை அமுக்கிக்கொண்டு சற்றுக் கீழே வந்துபோகும். திறந்து, அமுங்கிய உருண்டையைப் பிளேடால் நடுவில் வெட்டி அதன் தடிமனை அளங்கள். 20 மி.மீ. இருந்தால் நிம்மதி. இடப்பக்கம் எழும் பக்கம் என்பதால் அங்கே இன்னும் கொஞ்சம் வேண்டும்.

குறைந்தால் என்ன செய்வது? முதலில் காற்று வடிகட்டியை மாற்றுங்கள். அடுத்து, தொழிற்சாலை செய்ததுபோல் கார்புரேட்டர்களைப் பின்னுக்குத் தள்ளும் மேனிஃபோல்டு. அதற்குரிய பாகங்கள் பழைய எம்ஜி உலகில் தேடினால் கிடைக்கின்றன. ஆனால் அங்கே ஹீட்டர் பெட்டி நெருக்கத்தில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினைக் கீழே இறக்குவது மூன்றாவது வழி. அதில் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் சம்பிடமிருந்து (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) கடன் வாங்குகிறீர்கள். கடைசியில்தான் பானெட்டில் புடைப்பு. புடைப்பு வைத்த எம்ஜிபி எனக்குக் கண்ணுக்கு உறுத்தலாகத் தெரியவில்லை. காஸ்டெல்லோவின் வண்டிகளுக்கு அதுவே அடையாளமாகிவிட்டது. ஆனால் பழைய பானெட்டை வெட்டாதீர்கள். வேறு ஒன்றை வாங்கி அதில் செய்யுங்கள், மூலத்தைப் பத்திரமாக வையுங்கள்.

எக்ஸாஸ்ட் குழாய் ஸ்டியரிங்கில் முட்டுகிறது. எதை மாற்றுவது?

எக்ஸாஸ்ட்டை மாற்றுங்கள். ஸ்டியரிங்கை முடிந்தவரை விட்டுவிடுங்கள்.

வேறு வண்டியின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை அப்படியே மாட்ட முயல்வதால்தான் இந்தத் தொல்லை பெரும்பாலும் வருகிறது. ரோவர் சலூனின் எஞ்சின் அறை வேறு, எம்ஜிபியின் அறை வேறு. ஜிடி வி8-க்கான இறுக்கமான வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு ஒரு வழி. ஆர்வி8 முறையில் உள் மட்கார்டு வழியே வெளியே போகும் குழாய்கள் இன்னொரு வழி. நான் இரண்டாவதைத்தான் விரும்புகிறேன். ஸ்டியரிங் ஷாஃப்ட் தப்பித்துவிடுகிறது, எஞ்சின் அறையின் வெக்கையும் இறங்குகிறது. துளையைச் சுற்றி விளிம்பை மடித்துத் தகடு சேர்த்துப் பலப்படுத்த வேண்டும். முன் சக்கரத்தை இருபுறமும் முழுவதும் ஒடித்து, ஜாக்கியால் மேலே தூக்கி, டயர் குழாயைத் தொடவில்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டும். இதை மறந்து டயரைப் பொசுக்கியவர்கள் உண்டு.

ஸ்டியரிங் ஷாஃப்டை வளைத்துக் கொண்டுபோவது தவிர வேறு வழியே இல்லை என்றால், இரண்டு யுனிவர்சல் ஜாயின்டுகளோடு (கோணம் திரும்ப விடும் இணைப்புகள்) நிறுத்துங்கள். மூன்றாவது சேர்ந்தால் நடுத்தண்டு தொய்ந்து ஆடும். அதற்குச் சட்டத்தில் ஒரு தாங்கு பேரிங் கட்டாயம். ஜாயின்டுகளின் கவைகள் ஒன்றுக்கொன்று சரியான திசையில் பொருந்தாவிட்டால் ஸ்டியரிங் ஒரு சுற்றுக்குள்ளேயே கனத்தும் இளகியும் வரும். ராக்கைக் கீழே இறக்கி இடம் பண்ணலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டை ராடின் (ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) கோணம் மாறி, மேடுபள்ளத்தில் சக்கரங்கள் தாமாகவே திரும்பத் தொடங்கும். ஸ்டியரிங் ஷாஃப்டில் வெல்டிங் செய்வது நான் ஒருபோதும் செய்யாத வேலை. பல் பொருந்தும் ஜாயின்டை வாங்கித்தான் மாட்ட வேண்டும்.

சம்ப் கிராஸ் மெம்பரில் உட்காருகிறது. கிராஸ் மெம்பரை வெட்டலாமா?

கூடாது. முன் சஸ்பென்ஷனின் முழுப் பாரமும் அதில்தான் தொங்குகிறது. சம்பை மாற்றுங்கள்: பள்ளமான பகுதி எங்கே வருகிறது என்று பார்த்து, அதற்கேற்ற வேறு ரோவர் சம்பைத் தேடுங்கள், அல்லது இருப்பதை வெட்டி வடிவம் மாற்றி வெல்டிங் செய்யுங்கள். எந்த வடிவமானாலும் ஆயில் உறிஞ்சும் குழாயின் வாய்க்கும் சம்பின் அடிக்கும் இடையே 8 முதல் 10 மி.மீ. வேண்டும். இங்கும் களிமண் உருண்டைதான் அளவுகோல். முடித்தபின் மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு வைத்துக் கசிவு பாருங்கள்.

ஆயில் ஃபில்டர் இதைவிட எளிது. இந்த எஞ்சினின் ஆயில் பம்ப் முன்பக்க மூடியில் இருப்பதால், ஃபில்டர் அங்கேயே தொங்கி இடைஞ்சல் செய்யும். தொழிற்சாலை அதைக் குழாய் போட்டுத் தள்ளி வைத்தது. நீங்களும் அதையே செய்யுங்கள். குழாய்கள் எக்ஸாஸ்ட்டை விட்டு விலகிப் போகட்டும்.

தகட்டைச் சுத்தியலால் தட்டி இடம் பண்ணுவது அசிங்கமான வேலை இல்லையா?

இதைக் கேட்பவர்களுக்கு நான் சன்பீம் டைகரின் கதையைச் சொல்வேன். 1964இல் சன்பீம் ஆல்பைன் என்ற சிறு காருக்குள் ஃபோர்டின் 4.3 லிட்டர் வி8-ஐ வைத்து உருவாக்கிய வண்டி அது. அதன் முன்மாதிரி ஒன்று அமெரிக்கப் பந்தயக் கார் வடிவமைப்பாளர் கேரல் ஷெல்பியின் பணிமனையில் பிறந்தது. உற்பத்தி வெஸ்ட் பிராம்விச்சில் ஜென்சன் ஆலையில். பெயின்ட் அடித்து முடித்து வந்த உடல்களையே அங்கே சம்மட்டியால் அடித்து முன் தடுப்புச் சுவரில் எஞ்சினுக்கு இடம் பண்ணினார்கள். ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற, உட்புறத்திலிருந்து கைவிடும்படி தடுப்புச் சுவரில் துளை வைத்து மூடினார்கள். ஸ்டியரிங்கின் பழைய அமைப்பையே எடுத்துவிட்டு ராக் வைத்தார்கள். தொழிற்சாலை செய்த வேலை இது. தட்டுவதில் கேவலம் ஒன்றும் இல்லை.

எதைத் தட்டலாம் என்பதில்தான் கவனம் வேண்டும். ஒற்றைத் தகடாக இருக்கும் டனல் பக்கங்கள், உள் மட்கார்டின் தட்டையான பகுதி, தடுப்புச் சுவரின் கீழ் மூலை: இவற்றைத் தட்டலாம். இரண்டு தகடுகள் சேரும் வெல்டிங் வரிசை, பெட்டி வடிவச் சட்டம், மவுண்டோ சஸ்பென்ஷனோ பிடித்திருக்கும் இடம்: இவற்றைத் தொடக்கூடாது. எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, உடலே சட்டம். தட்டும்போது பின்னால் மணல் மூட்டையை அணைத்து, கொட்டாப்புளியால் சிறிது சிறிதாக இறக்குங்கள். ஒரே அடியில் இறக்கினால் தகடு இழுபட்டுக் கிழியும். நல்ல டிங்கரிங் கை இதை அரை நாளில் முடித்துவிடும். முடித்ததும் பெயர்ந்த இடமெல்லாம் பிரைமர். இல்லாவிட்டால் துரு ஒரு குளிர்காலத்திலேயே வந்து குந்தும்.

ஐந்து கியர் பெட்டி டனலுக்குள் போகுமா?

ரோவர் எஸ்டி1 காரின் ஐந்து கியர் பெட்டி போகும். ஆனால் டனலின் பக்கங்களைத் தட்ட வேண்டும், பின் பிடியைப் புதிதாகச் செய்ய வேண்டும், புரொப்பல்லர் ஷாஃப்டை நீளம் மாற்ற வேண்டும். ஷாஃப்ட் நீளத்தை வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும்போது அளங்கள். ஜாக்கியில் தொங்கும்போது அளந்தால் தப்பு வரும்.

ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே விசிறிக்கு இடமில்லை.

எஞ்சின் விசிறியைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரை முன்னே தள்ளி, மின்விசிறி இரண்டை வையுங்கள். ஜிடி வி8-இல் அப்படித்தான் இருந்தது. வாட்டர் பம்பின் மூக்கு ரோவர் மாடலுக்கு மாடல் நீளம் மாறும் என்பதால், வாங்கும் முன் அளந்து வாங்குங்கள்.

மவுண்டைக் கெட்டியாக்கிவிட்டால் எஞ்சின் அசையாது. இடைவெளியும் குறைவாக இருக்கலாமே?

இரும்பை இரும்போடு நேரே பிடித்தால் அசைவு நிற்கும். அதிர்வு முழுவதும் உடலுக்குள் இறங்கும்; நாளடைவில் பிடிகளின் ஓரத்தில் விரிசல் காணும். ரப்பர் மவுண்டையே வையுங்கள். உருளல் அதிகம் என்று பட்டால், எழும் பக்கமாகிய இடப்பக்க ஹெட்டிலிருந்து சட்டத்துக்கு ரப்பர் முனைகள் கொண்ட ஓர் இழுதண்டு போதும்.

பதிவுக்கும் காப்பீட்டுக்கும் என்ன செய்வது?

பிரிட்டனில் எஞ்சின் எண், கொள்ளளவு மாற்றங்களை வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏ-வுக்குத் தெரிவித்தாக வேண்டும். நாற்பது ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்த விலக்கு பொருந்தாமல் போகலாம். விலக்கு இருந்தாலும் சோதனைக்குக் கொண்டுபோங்கள் என்பேன். வேறொரு கண் பார்ப்பது நல்லது. காப்பீட்டு நிறுவனத்திடம் வேலையைத் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

அம்பாசிடரில் எஞ்சின் மாற்ற நினைக்கிறேன். இதெல்லாம் எனக்கு உதவுமா?

உதவும், அந்த இரண்டு வண்டிகளுக்கும் உறவு உண்டு. அம்பாசிடரின் பழைய 1489 சி.சி. எஞ்சினும் எம்ஜிபியின் 1798 சி.சி. எஞ்சினும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) ஒரே பி வரிசையில் பிறந்தவை. 1990களில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே அம்பாசிடரில் 1817 சி.சி. இசுசூ பெட்ரோல் எஞ்சினை வைத்து விற்றது. ஆகவே அந்த வண்டியின் பாகங்களைத் தேடிப்பிடித்தால், தொழிற்சாலை எங்கே எதை நகர்த்தியது என்பது உங்கள் கண்முன் இருக்கும். சட்டம் மட்டும் வேறு: இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதைக் கட்டுப்படுத்துகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்காமல் ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள்.

ஓடத் தொடங்கியபின் எதை, எப்போது பார்க்க வேண்டும்?

முதல் 50 கிலோமீட்டரில் ஒரு தடவை, 500இல் ஒரு தடவை, 2,000இல் ஒரு தடவை. புதிய ரப்பர் மவுண்டுகள் சில மில்லிமீட்டர் அமரும். அதனால் சம்ப் பக்கத்து இடைவெளி முதலில் குறையும். ஸ்டியரிங் ஜாயின்ட் போல்ட்டுகளையும் மவுண்டு போல்ட்டுகளையும் அளவோடு இறுக்குங்கள். எக்ஸாஸ்ட் அருகே போகும் பிரேக் குழாயையும் பெட்ரோல் குழாயையும் விரலால் தடவிப் பாருங்கள். ரப்பர் கெட்டியாகியிருந்தால் சூடு தாக்குகிறது என்று பொருள். குழாயை நகர்த்துங்கள், அல்லது நடுவே காற்றோட இடம் விட்டு அலுமினியத் தகடு ஒன்றை நிறுத்துங்கள். பெயின்ட் அடையாளங்களை அழிக்க வேண்டாம். என் வண்டியில் அந்த ஜாயின்டுக்கு எதிரே உள்ள வெள்ளைப் பொட்டை ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் புதுப்பித்து வைக்கிறேன்.